மின்னஞ்சல் முகவரிகள் மட்டுமே

மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடிப் பிரதான வீதியில், ஆதார வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸில் இருந்து இறங்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி எனது கடை இருக்கிறது. பெயர்ப்பலகையில் தொடர்பாடல் நிலையம் என்று எழுதியிருக்கிறேன். ஊரில் எல்லோருக்கும் அது கொமினிகேஷன். போட்டோ கொப்பி, தட்டச்சு, ரீலோட், கடவுச்சீட்டு விண்ணப்பம், உயர்தரப் பெறுபேறு பார்த்துக் கொடுப்பது என்று நாள் ஓடும். இவற்றோடு இன்னொரு வேலையும் உண்டு. மின்னஞ்சல் இல்லாதவர்களுக்கு அதைத் திறந்து கொடுப்பது.

2012 இல் கடை தொடங்கிய காலத்தில் மாதத்துக்கு இரண்டு பேர் அதற்காக வந்தால் பெரிய விடயம். இப்போது மகன் கட்டாரில் இருந்து அனுப்பிய கைத்தொலைபேசியை இயக்கவே முதலில் ஒரு மின்னஞ்சல் கேட்கிறது. வேலைக்கு விண்ணப்பிக்க, வங்கிக் கணக்கைப் பார்க்க, பேரப்பிள்ளையின் படத்தைச் சேமிக்க என்று எல்லாவற்றுக்கும் அது வேண்டும். கடலுக்குப் போகிறவர்கள், வயல் செய்கிறவர்கள், கணவனை இழந்து தையல் இயந்திரத்தோடு வாழ்கிறவர்கள் என்று பலரும் என் முன்னால் உள்ள பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்து, தங்கள் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று அடையாள அட்டையை எடுத்து நீட்டியிருக்கிறார்கள்.

அப்படித் திறந்து கொடுத்த ஒவ்வொரு முகவரியையும் சீ.ஆர். கொப்பியில் பதிந்து வைத்திருக்கிறேன். இப்போது நடப்பது நான்காவது கொப்பி. பெயர், முகவரி, திகதி மட்டும்தான் அதில் இருக்கும். கடவுச்சொல்லை நான் எழுதி வைப்பதில்லை. அதை ஒரு துண்டில் எழுதி அவர்கள் கையிலேயே கொடுத்து, பிறப்புச் சான்றிதழ் வைக்கும் இடத்தில் வையுங்கள் என்று சொல்லி அனுப்புவேன். கொப்பிகள் அலுமாரியில் இருக்கும். திறப்பு என் கைப்பையில். கடையில் உதவிக்கு நிற்கும் தங்கச்சிக்குக்கூட அந்தத் திறப்பை நான் கொடுத்ததில்லை. அவள் மீது நம்பிக்கை இல்லாததால் இப்படிச் செய்யவில்லை. அவை ஊரவர்களுடைய பொருள். என்னிடம் பாதுகாக்கத் தரப்பட்டவை. அதனால்தான் இந்தக் கவனம்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், கொழும்பில் உள்ள ஒரு பெரிய இணைய வணிக நிறுவனம் இந்தக் கவனத்தின் ஒரு துளியைக்கூட எங்கள் மீது காட்டவில்லை. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர்களுக்கு எழுத வேண்டியதை நேரே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்த நிறுவனத்திடம் எங்கள் பகுதியில் பலர் பொருள் வாங்குகிறார்கள். மிக்ஸி, சுவர் மின்விசிறி, பிள்ளைகளின் பாடசாலைச் சப்பாத்து என்று களுவாஞ்சிகுடியில் கிடைக்காத விலையில் கிடைக்கிறது. பொருள் கைக்கு வந்த பிறகு காசு கொடுத்தால் போதும் என்பதும் ஒரு வசதி. ஆனால் வாங்குகிறவர் கணக்குத் திறக்க வேண்டும். கணக்குக்கு மின்னஞ்சல் வேண்டும். கொப்பிகளைப் புரட்டிப் பார்த்து எண்ணினேன். என் கடையில் இருந்து, என் விசைப்பலகையில், நானே தட்டச்சுச் செய்து அந்த நிறுவனத்தில் பதிந்து கொடுத்தவர்கள் 63 பேர்.

எனக்கும் அங்கே கணக்கு உண்டு. பிரின்டருக்கு டோனர் அங்கிருந்துதான் எடுப்பேன். ஆனால் எங்கே பதிந்தாலும் என் முகவரியில் சிறிய அடையாளம் ஒன்றைச் சேர்ப்பது என் வழக்கம். ஜிமெயிலில் பெயருக்குப் பின் ஒரு கூட்டல் குறி போட்டு, அதன் பின் எந்தச் சொல்லையும் எழுதலாம். கூட்டல் குறிக்குப் பின்னால் உள்ளதை ஜிமெயில் பொருட்படுத்தாது; மடல் வழக்கமான பெட்டிக்கே வந்து சேரும். ஆனால் மேலே "பெறுநர்" என்ற இடத்தில் அந்தச் சொல் அப்படியே தெரியும். வங்கிக்கு ஒரு சொல், மின்சாரப் பட்டியலுக்கு ஒரு சொல், இந்த நிறுவனத்துக்கு ஒரு சொல் என்று வைத்திருந்தேன். நிறுவனத்துக்குக் கொடுத்த சொல்லை வேறு எந்த இடத்திலும் நான் எழுதியதே இல்லை. பதிந்த அன்று ஒரே ஒரு தடவை தட்டச்சுச் செய்தேன், அவ்வளவுதான்.

பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்து, சாமிப் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுக் கணினி முன்னால் அமர்ந்தேன். தபால் திணைக்களத்தின் பெயரில் ஒரு மடல் வந்திருந்தது. தமிழில்தான் இருந்தது. எனது பொதி முகவரி தவறியதால் தேங்கி நிற்கிறது என்றும், மீண்டும் அனுப்புவதற்கு 95 ரூபா கட்ட வேண்டும் என்றும், கீழே உள்ள இணைப்பை அழுத்த வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். இப்படிப்பட்ட மோசடி பல ஆண்டுகளாக இந்த நாட்டில் சுற்றுவதுதான். அழிக்கப் போனவள் பெறுநர் என்ற இடத்தைப் பார்த்தேன். கூட்டல் குறிக்குப் பின்னால் அந்த நிறுவனத்துக்கென்று நான் வைத்த சொல் இருந்தது.

சில நிமிடங்கள் அப்படியே அமர்ந்திருந்தேன். வீட்டுக்குள் யாரோ புகுந்து போனது தெரிந்தால் உடம்பு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

அன்றே நிறுவனத்துக்கு எழுதினேன். மடலின் பிரதியை இணைத்து, கூட்டல் குறி விடயத்தை விளக்கி, உங்களைத் தவிர வேறு யாரிடமும் இந்த முகவரி இல்லை என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அவர்களுடைய முறைமைகள் பாதுகாப்பாகவே இருக்கின்றனவாம். எனது கணினியில் வைரஸ் இருக்கக்கூடும், சோதித்துப் பார்க்க வேண்டுமாம்.

சோதித்தேன். எதுவும் இல்லை. வைரஸ் இருந்திருந்தால் வங்கிக்குக் கொடுத்த முகவரிக்கும் மின்சாரப் பட்டியல் முகவரிக்கும் அல்லவா அந்தக் குப்பை வந்திருக்க வேண்டும்? ஒரே ஒரு முகவரிக்கு மட்டும் வருவது எப்படி என்று திரும்பக் கேட்டேன். பதில் இல்லை. தொலைபேசியில் அழைத்தேன். தமிழுக்கு 3ஐ அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். 27 நிமிடம் பாட்டுக் கேட்டேன். கடைசியில் பேசிய பிள்ளைக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரிந்தது. நல்ல பிள்ளை, கோபப்படாமல் கேட்டாள். முறைப்பாட்டைப் பதிந்திருப்பதாகச் சொல்லி ஓர் இலக்கம் தந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, இன்று இதே விடயத்துக்கு நிறையப் பேர் எடுத்தார்கள்" என்றாள். அவளுக்கு இதனால் ஏதும் வராமல் இருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். அந்த நிறுவனத்தில் எங்களுக்கு உண்மையைச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

அடுத்து நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

எனக்கு எட்டாம் வகுப்பில் கணக்குச் சொல்லித் தந்த சேர் ஓய்வுபெற்றுப் பல வருடங்கள். அவருக்கு மின்னஞ்சல் திறந்து கொடுத்ததும், அந்த நிறுவனத்தில் பதிந்து கொடுத்ததும் நான்தான். தைப்பொங்கலுக்கு முன் மனைவிக்கு ஒரு பிரஷர் குக்கர் வாங்கியிருந்தார். அதன் மூடியின் இறப்பர் வளையம் பழுது என்று மாற்று வளையத்துக்கு எழுதிவிட்டு, அது வரும் வரும் என்று காத்திருந்தார். அந்த நேரத்தில்தான் அவருக்கும் பொதி தேங்கி நிற்கிறது என்ற மடல் போயிருக்கிறது. காத்திருந்த பொதிதானே என்று இணைப்பை அழுத்தியிருக்கிறார். 95 ரூபாவுக்காக ஓய்வூதியம் வரும் கணக்கின் அட்டை இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார். கைத்தொலைபேசிக்கு வந்த ஆறு இலக்கத்தையும் கொடுத்திருக்கிறார். கணக்கில் இருந்து 46,000 ரூபா போய்விட்டது.

நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் கடை மூடும் நேரத்தில் வந்து கதிரையில் அமர்ந்தார். "பிள்ளை, நான் ஒரு பிழை செய்துவிட்டேன்" என்று தொடங்கினார். என் கணக்குக் கொப்பியில் பிழை கண்டால் சிவப்பு மையால் வட்டமிட்டு, "திரும்பச் செய்து பார், வரும்" என்று எழுதுகிற மனிதர். என்னைப் பார்த்துப் பேசாமல் தரையைப் பார்த்துப் பேசினார். வங்கியில், இரகசிய இலக்கத்தை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள், அதனால் எங்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மனைவிக்கு இன்னும் தெரியாது என்றார்.

"சேர், பிழை உங்களுடையது அல்ல" என்றேன். அவர் தலையை ஆட்டினார். நம்பினதாகத் தெரியவில்லை.

இது நடந்தது எனக்கு அந்த முதல் மடல் வந்து பதினோராம் நாள். நிறுவனம் வாய் திறந்தது இருபத்துநான்காம் நாள். நான் எழுதிய அன்றே, வேண்டாம், எனக்குப் பதில் எழுதிய அந்த இரண்டாம் நாளிலாவது, "எங்கள் பெயரிலோ தபால் பெயரிலோ மடல் வந்தால் திறக்க வேண்டாம், ஏதோ நடந்திருக்கிறது, பார்க்கிறோம்" என்று ஒரு வரி எல்லோருக்கும் அனுப்பியிருந்தால் போதும். அந்த வரியை சேருக்கு நான் வாசித்துக் காட்டியிருப்பேன்.

இருபத்துநான்காம் நாள் வந்த மடல் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்தது. தமிழில் இல்லை. களவாக எங்கள் முகவரியை எடுத்தவர்கள் எங்களுக்குத் தமிழில் எழுதினார்கள். அதைப் பறிகொடுத்தவர்கள் எழுதவில்லை. ஆங்கிலத்தில் இருந்ததை நான்கு தடவை வாசித்தேன். அவர்களுக்காகப் பெருந்தொகை மடல்களை அனுப்பிக் கொடுக்கும் இன்னொரு நிறுவனத்தின் முறைமைக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள். கடவுச்சொற்களோ அட்டை விவரங்களோ வெளியாகவில்லை. வெளியானவை மின்னஞ்சல் முகவரிகள் மட்டுமே. ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறார்கள். அடுத்த 14 நாட்களுக்குள் 5,000 ரூபாவுக்கு மேல் பொருள் வாங்கினால் 500 ரூபா தள்ளுபடி.

அந்த "மட்டுமே" என்ற சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மின்னஞ்சல் முகவரி என்பது பஸ் நிலையத்துச் சுவரில் கிடக்கிற பெயர் அல்ல. ஒருவருடைய எந்தக் கணக்கின் கடவுச்சொல் மறந்தாலும், புதியதை எடுக்கும் வழி பெரும்பாலும் அந்த முகவரிக்குத்தான் போகும். அதற்கும் மேலாக ஒரு விடயம் இருக்கிறது. வெறும் முகவரியை வைத்துக்கொண்டு மோசடிக்காரன் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. ஆயிரம் பேருக்கு எழுதினால் மிகச் சிலர்தான் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் ஒரு கடையின் வாடிக்கையாளர் பட்டியலில் இருந்து எடுத்த முகவரி, இந்த ஆள் இந்தக் கடையில் வாங்குகிறவர், பொதிக்குக் காத்திருக்கிறவர் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. சேரை விழுத்தியது அதுதான். பொதிக்குக் காத்திருக்காத மனிதராக இருந்திருந்தால் அவர் அந்த மடலைத் திறந்திருக்கவே மாட்டார்.

இதற்கு முன்னால் உலகத்தில் இப்படி நடக்கவில்லை, அதனால் அவர்களுக்குத் தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. இரவுகளில் நித்திரை வராமல் தேடி வாசித்தேன். 2011 ஏப்ரலில் அமெரிக்காவில் எப்சிலன் என்ற நிறுவனம் தன்னிடம் இருந்து தரவு களவு போனதை அறிவித்தது. அதுவும் இதே தொழில்தான். ஏறக்குறைய 2,500 நிறுவனங்களுக்காக ஆண்டுக்கு 4,000 கோடி மடல்கள் அனுப்பிக் கொடுத்த நிறுவனம். பெரிய வங்கிகளும் கடைகளும் அடுத்தடுத்த நாட்களில் தத்தமது வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதின. எப்சிலன் என்ற பெயரையே கேள்விப்படாத மக்களுடைய முகவரி அங்கே இருந்திருக்கிறது. அப்போதும் சொன்னது இதையேதான்: பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் மட்டுமே போயின. 2015 இல் அமெரிக்க நீதித் திணைக்களம் மூன்று பேர் மீது குற்றம் சாட்டியது. மடல் அனுப்பும் எட்டு நிறுவனங்களுக்குள் புகுந்து நூறு கோடிக்கும் மேற்பட்ட முகவரிகளை எடுத்தார்கள் என்பதும், அவற்றுக்குக் குப்பை மடல்களை அனுப்பி ஏறக்குறைய இருபது இலட்சம் டொலர் சம்பாதித்தார்கள் என்பதும் அந்தக் குற்றச்சாட்டு. முகவரி மட்டும் என்பதற்கு விலை இல்லை என்றால் யார் இவ்வளவு பாடுபட்டு அதைத் திருடுவார்கள்?

தாமதமும் புதிய விடயம் இல்லை. யாஹூ நிறுவனத்தில் 2013 இல் நடந்த களவில் 300 கோடிக் கணக்குகள், அதாவது அன்று இருந்த அத்தனை கணக்குகளும், அகப்பட்டன. உலகத்துக்கு அந்த முழு எண்ணிக்கை தெரிய வந்தது 2017 இல். அதே 2013 இன் கடைசியில், அடோபி நிறுவனத்தின் தரவுக் களவுக்குப் பிறகு, டிரோய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியர் ஓர் இணையத்தளத்தைத் தொடங்கினார். எங்கள் முகவரியை அதில் இட்டால், வெளியான எந்தெந்தத் தரவுத் தொகுப்பில் அது இருக்கிறது என்று காட்டும். காசு வாங்காமல் இதைச் செய்கிறார். நிறுவனங்கள் தாங்களாகச் சொல்லாததை எங்கோ இருக்கும் ஒரு தனி மனிதர் சொல்ல வேண்டியிருக்கிறது.

மருதமுனையில் கைத்தறிச் சாரமும் சேலையும் செய்து விற்கும் நானா ஒருவர் என் கடைக்கு வருவார். களுவாஞ்சிகுடிச் சந்தைக்குத் துணி கொண்டுவரும் நாட்களில் பட்டியல்கள் பிரின்ட் எடுக்க வருவது வழக்கம். அவருடைய காசு எதுவும் போகவில்லை. ஆனால் நாளுக்கு இருநூறு மடல் வருகிறது. கடன் தருகிறோம், பரிசு விழுந்திருக்கிறது, ஆண்மைக்கு மருந்து. கடைசியாகச் சொன்னதைப் பார்த்துவிட்டு, வாப்பாவின் கைத்தொலைபேசியைப் பாடசாலை வேலைக்கு எடுக்கும் மகள் முகம் சிவந்து திருப்பிக் கொடுத்தாளாம். "தங்கச்சி, அந்த முகவரியை மாற்றித் தாருங்கள்" என்றார். மாற்றலாம். ஆனால் துணி சுற்றும் பெட்டிகளில் எல்லாம் அந்த முகவரி அச்சாகி இருக்கிறது. லண்டனில் இருந்து சேலை கேட்டு எழுதும் ஆட்களிடம் அதுதான் இருக்கிறது. இருநூறு குப்பைக்குள் அப்படி வந்த ஒரு ஓடரை அவர் ஒன்பது நாள் காணவில்லை. கண்டபோது அவர்கள் வேறு இடத்தில் வாங்கிவிட்டார்கள்.

இன்னொரு பிள்ளை, குருக்கள்மடம். உயர்தரத்தில் நல்ல பெறுபேறு. சேருக்கு நடந்தது ஊருக்குள் பரவியதும் பயந்துபோய், தெரியாத பெயரில் வந்த எல்லா மடலையும் திறக்காமலேயே அழித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அதற்குள் பல்கலைக்கழகப் பதிவு பற்றிய உண்மையான மடலும் போய்விட்டது. கூடப் படித்தவளுக்கு வந்து இவளுக்கு வரவில்லையே என்று தாய் அழுதுகொண்டு கடைக்குக் கூட்டி வந்தாள். அழித்தவை முப்பது நாள் குப்பைப் பெட்டியில் கிடக்கும் என்பதால் தப்பினோம். கடைசித் திகதிக்கு இரண்டு நாள் இருந்தது. இவளுக்கு ஏற்பட்ட பாதிப்பை அந்த நிறுவனம் எந்தக் கணக்கில் எழுதும்? ஒரு பொய் மடல் ஒருவரை ஏமாற்றுவதோடு நிற்பதில்லை. உண்மை மடலையும் நம்ப முடியாமல் செய்துவிடுகிறது.

அனுப்பியவர் பெயர் தபால் திணைக்களம் என்றுதானே இருந்தது, அது எப்படிப் பொய்யாகும் என்று பலர் என்னிடம் கேட்டார்கள். மின்னஞ்சல் போகும் அடிப்படை முறை 1982 இல் வகுக்கப்பட்டது. ஒருவரை ஒருவர் அறிந்த சில பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிலையங்களும் பாவித்த காலம். அனுப்புகிறவர் தன் பெயர் என்று எதை எழுதுகிறாரோ அதை அந்த முறை அப்படியே எடுத்துக்கொண்டு போகும். கடித உறையின் பின்பக்கம் யாரும் யாருடைய பெயரையும் எழுதலாம் அல்லவா, அதே கதைதான். பிறகு சேர்க்கப்பட்ட சோதனைகள் இருக்கின்றன. ஆனால் அவை எல்லாவற்றையும் பிடிப்பதில்லை. இதைக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், பெரிய எழுத்தில், தமிழில்.

சட்டத்தையும் தேடினேன். இந்த நாட்டில் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அந்த வருடம் மார்ச் 19 இல் சபாநாயகர் கையொப்பமிட்டார். தரவு மீறல் நடந்தால் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம் விதிக்கலாம் என்கிறது. வாசித்தபோது மனதுக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் நீடிக்கவில்லை, ஏனென்றால் சட்டம் நிறைவேறிய அன்றே முழுவதும் நடைமுறைக்கு வரவில்லை. பகுதி பகுதியாக, திகதிகள் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. களவு எடுப்பவர்கள் எந்தத் திகதிக்கும் காத்திருக்கவில்லை.

எனது அப்பா தபால்காரர். பெரியகல்லாறு, ஓந்தாச்சிமடம் எல்லாம் அவருடைய சைக்கிள் ஓடிய பாதை. யார் எந்த ஒழுங்கையில், எந்த வளவில் இருக்கிறார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். யாராவது வழியில் மறித்து, இன்னாருடைய வீடு எது என்று கேட்டால், "கடிதம் எழுதிப் போடுங்கள், நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்" என்பார். வீட்டைக் காட்ட மாட்டார். வட்டிக்காரர்கள் கேட்டபோதும் அதுதான். துவக்குகளோடு வந்தவர்கள் கேட்டபோதும் அதுதான். எந்தப் பக்கத்துத் துவக்கு என்பது முக்கியம் இல்லை, எல்லாப் பக்கத்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். ஒரு தடவை அடி வாங்கிக்கொண்டு வந்தார். இடது காது அதற்குப் பிறகு சரியாகக் கேட்கவில்லை. அம்மா அழுதபோது, "அது என்னுடைய பொருளா, எடுத்துக் கொடுக்க?" என்று மட்டும் சொன்னார். பெயரும் விலாசமும் எழுதிய ஒரு தாள் தவறான கைக்குப் போனால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்பதை எங்கள் தலைமுறை வாசித்து அறிந்துகொள்ளவில்லை.

மின்னஞ்சல் முகவரியும் அதுவும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் அப்பாவின் அந்தக் கேள்வியை நிறுவனத்திடம் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. அந்த 63 பேருடைய முகவரி உங்களுடைய பொருளா, எங்களிடம் கேட்காமல் மடல் அனுப்பும் இன்னொரு நிறுவனத்திடம் தூக்கிக் கொடுக்க? கொடுத்தீர்கள் என்றாவது எங்களுக்குச் சொன்னீர்களா? பொருள் வந்து காசு கொடுத்து மூன்று வருடம் ஆனவர்களின் முகவரியை இன்னும் எதற்காக வைத்திருந்தீர்கள்? வருடத்தில் ஒரு தடவை சப்பாத்து வாங்கிய ஒரு தாயின் முகவரி அங்கே கிடந்து யாருக்கு என்ன பயன்?

இந்தக் கேள்விகளைத் தமிழில் எழுதி, ஆங்கிலத்திலும் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்று கடிதம் போய்விட்டது. தள்ளுபடி வேண்டாம் என்றும் எழுதினேன். நான் கேட்டவை சிலதான். நடந்ததைத் தமிழில் எல்லோருக்கும் அறிவியுங்கள். களவு நடந்த திகதி, உங்களுக்குத் தெரிய வந்த திகதி இரண்டையும் சொல்லுங்கள். இனி வாங்காதவர்களுடைய விவரங்களை அழித்துவிட்டு, அழித்ததை எழுத்தில் தாருங்கள். சேருடைய 46,000 ரூபாவுக்குப் பொறுப்பெடுங்கள். முதல் கடிதத்துக்குப் பதிலாக, வருந்துகிறோம் என்ற அதே பழைய மடலைத் திரும்ப அனுப்பினார்கள். மற்ற இரண்டுக்கும் ஒன்றும் வரவில்லை. நான்காவது கடிதம் இன்று காலை போயிருக்கிறது. பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டியிருக்கிறேன்.

அதுவரை அந்த 63 பேருக்கும் சொல்ல வேண்டிய வேலை என்னுடையது. அவர்களின் பெயரைத் தட்டச்சுச் செய்த விரல் என்னுடையது. நிறுவனம் அனுப்பிய மடலைத் தமிழில் எழுதி, ஒரு பக்கத்துக்குள் அடக்கி, பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். கடவுச்சொல்லை மாற்றிக் கொடுப்பது, கடவுச்சொல்லோடு இன்னொரு சோதனையையும் கேட்கும் இரண்டு படிப் பாதுகாப்பைப் போட்டுக் கொடுப்பது, காசு கேட்கும் மடல் எது வந்தாலும் என்னிடம் காட்டிய பிறகே தொட வேண்டும் என்று சொல்வது. இதற்கு நான் காசு வாங்குவதில்லை. கடைக்கு வந்தவர்களுக்கு முடித்தேன். கோட்டைக்கல்லாறு, எருவில், தேற்றாத்தீவுப் பக்கம் உள்ளவர்களுக்கு மாலையில் ஸ்கூட்டரில் போய் முடித்தேன். சேருடைய வீட்டுக்குப் போனபோது அவருடைய மனைவிதான் கதவைத் திறந்தார். "எல்லாம் சொல்லிவிட்டார், மகள்" என்று சொல்லித் தேநீர் தந்தார். சேர் உள்ளே இருந்து என் தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டு வாசித்து, இரண்டு எழுத்துப்பிழைகளுக்கு வட்டமிட்டுக் கொடுத்தார். திருத்தித்தான் மிச்சப் பிரதிகளை எடுத்தேன்.

41 பேருக்குச் சொல்லியாயிற்று. 22 பேர் மிச்சம். அவர்களில் எட்டுப் பேர் வாவிக்கு அப்பால், படுவான்கரையில். அந்த எட்டுப் பேரில் எவருடைய கைத்தொலைபேசியும் வேலை செய்யவில்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை. குருமண்வெளித் துறையில் முதல் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவைப் படகில், ஏறினால் வெயிலுக்கு முன் மண்டூரில் மூன்று வீடுகளை முடிக்கலாம்.